எடைக்கா, ஏலத்துக்கா, அலமாரிக்கா? மலைவீட்டு நினைவு வெள்ளியை மதிப்பிடுவது பற்றி

நீலகிரியில் பழைய வீடு ஒன்று கைமாறும்போதோ, எஸ்டேட்டில் ஓய்வு பெற்றவர் சமவெளியில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேரும்போதோ, மேசை நாற்காலிகளுக்கெல்லாம் விலை பேசி முடித்த பிறகும் ஒரு பெட்டி மட்டும் முடிவு தெரியாமல் நின்றுவிடும். பந்தயத்திலோ மலர்க் கண்காட்சியிலோ பரிசாக வந்த கோப்பைகள், முடிசூட்டு விழாவையொட்டி விற்கப்பட்ட கரண்டிகள், தாத்தாவின் ராணுவப் பதக்கம், துணியில் முடிந்துவைத்த வெள்ளி ரூபாய்கள், காந்தி நூற்றாண்டு நாணயம், தபாலில் வரவழைத்து உறைகூடப் பிரிக்காத அரசின் நினைவு நாணயங்கள் ஆகியவை அதில் கலந்து கிடக்கும். வீட்டில் எல்லோரும் அதை 'வெள்ளிப் பெட்டி' என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள்.

அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு வழக்கமாக நான்கு விடைகள் சொல்லப்படுகின்றன. உதகைக் கடைவீதியிலோ கோவை ராஜ வீதியிலோ எடைக்குப் போட்டுவிடலாம். நாணய வணிகரிடம் காட்டலாம். பெங்களூரிலும் மும்பையிலும் நடக்கும் ஏலங்களுக்கு அனுப்பலாம். விலை ஏறட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நான்கில் எது மேல் என்று பெட்டியை மொத்தமாக வைத்துக்கொண்டு கேட்பதில்தான் பிசகு தொடங்குகிறது என்பது என் கருத்து. தராசைத் தவிர வேறு யார் இதைத் தேடுவார் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கேட்டுப் பார்த்தால், எங்கோ இருக்கும் சேகரிப்பாளர் தேடக்கூடியவை சிலவாகவும், இந்த மலையில் இருப்பவர் மட்டுமே தேடக்கூடியவை வேறு சிலவாகவும், ஒருவரும் தேடாதவை பலவாகவும் பிரிந்து நிற்கும். வழியைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு வர வேண்டிய வேலை.

வெள்ளி அல்லாதவற்றை முதலில் ஒதுக்குதல்

பெட்டியின் எடையில் கணிசமான பங்கு இந்தக் கட்டத்திலேயே வெளியேறிவிடும். ஈ.பி.என்.எஸ். என்று அடியில் பொறித்த தேநீர்க் குடுவைகளும் தட்டுகளும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின்மேல் வெள்ளி முலாம் பூசியவை. 'ஜெர்மன் சில்வர்' என்று நாம் சொல்வதும் இதே கலவைதான். பெயரில் இருக்கும் வெள்ளி பொருளில் இல்லை. எல்கிங்டன், மேப்பின் அண்ட் வெப் போன்ற புகழ்பெற்ற பெயர்களைக் கண்டதும் மனம் துள்ளுவது இயல்பே. ஆனால் அந்த நிறுவனங்கள் அசல் வெள்ளியிலும் முலாமிலும் பொருள்கள் செய்தவை என்பதால், பெயரை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது. கரண்டியின் முதுகு, தட்டின் விளிம்பு போன்ற தேய்மானம் மிகுந்த இடங்களில் அடியிலுள்ள உலோகம் மங்கலான மஞ்சளாகத் தெரிந்தால் அது முலாமே.

நாணயங்களில் இந்த வேலையைக் காந்தம் பாதி முடித்துத் தரும். வெள்ளியைக் காந்தம் இழுக்காது, நிக்கலை இழுக்கும். 1964-இல் வெளியான நேரு ரூபாய், புலி உருவம் பொறித்த 1947-ஆம் ஆண்டு ரூபாய், காந்தி நூற்றாண்டையொட்டி வந்த ஒரு ரூபாய், ஐம்பது காசு ஆகிய எல்லாமே நிக்கல் நாணயங்கள். பார்வைக்கு வெள்ளி போல மின்னினாலும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். காந்தி வரிசையில் பத்து ரூபாய் நாணயம் மட்டுமே வெள்ளி. அந்த நாணயங்களில் 1969 என்ற எண் எங்குமே இல்லாமல் 1869–1948 என்று காந்தியின் பிறப்பு, இறப்பு ஆண்டுகள் மட்டும் இருப்பதால், அது 1948-இல் அடித்த அரிய நாணயம் என்று நம்பி லட்சங்களில் விலை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ராணுவப் பதக்கங்களிலும் இதே குழப்பம் உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு தரப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி. இரண்டாம் உலகப் போரின் 1939–45 போர்ப் பதக்கமும் இந்தியச் சேவைப் பதக்கமும் செம்பும் நிக்கலும் கலந்தவை. ராணுவ முகாம் உள்ள வெலிங்டனை ஒட்டிய குடும்பங்களில் இரண்டாவது வகைதான் அதிகம் கிடைக்கும் என்பதால், பதக்கம் என்றாலே வெள்ளி என்று கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

காந்தத்தில் ஒட்டாததெல்லாம் வெள்ளி ஆகிவிடாது. மிச்சமுள்ள ஐயத்தை வீட்டிலேயே நீரில் எடைபோட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, நூலில் கட்டிய நாணயம் டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுதாக மூழ்கும்படி பிடித்தால், நாணயம் விலக்கிய நீரின் எடையைத் தராசு காட்டும். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு அது 10.49, பழைய வெள்ளி ரூபாய்க்கு 10.3 அளவில் வரும். ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடையுள்ள விக்டோரியா ரூபாய் ஏறத்தாழ 1.13 கிராம் நீரை விலக்க வேண்டும், 1.3 கிராமைத் தொட்டால் அது செம்பு நிக்கல் கலவையில் அடித்த போலி என்று கொள்ளலாம். நூலில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தவறும் என்பதால், முதலில் நூலை நனைத்துக்கொள்வது நல்லது. உரைகல்லும் அமிலமும் இதைவிட விரைவாக விடை சொல்லும். ஆனால் அவை விட்டுச்செல்லும் கீறல், சேகரிப்பு மதிப்புள்ள நாணயத்தில் நிரந்தரமாக நின்றுவிடும்.

ஒரு கோப்பையைப் படித்துப் பார்த்தல்

குன்னூர் வீடொன்றில் பார்த்த பரிசுக் கோப்பை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கைப்பிடிகள், ஒரு சாண் உயரம், அடியில் கருமரப் பீடம். விளிம்புக்குக் கீழே எறும்பு வரிசை போல ஐந்து முத்திரைகள் இருந்தன. முதலாவது செய்தவரின் பெயரெழுத்துகள். அடுத்தது நங்கூரம், அது பர்மிங்ஹாம் சோதனை நிலையத்தின் அடையாளம். லண்டனில் சோதித்ததென்றால் சிறுத்தைத் தலையும், எடின்பரோ என்றால் கோட்டையும், 1975-க்கு முந்தைய ஷெஃபீல்டு என்றால் கிரீடமும் இருக்கும். மூன்றாவதாக இருந்த, முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கமே நமக்கு முக்கியம். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு அதுதான் உத்தரவாதம். நான்காவது ஆண்டைக் குறிக்கும் எழுத்து. அதை அந்தந்த நகரத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் படிக்க முடியும். ஐந்தாவதாக ஓர் ஆணின் முகமும் பெண்ணின் முகமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறிய 25-ஆம் ஆண்டு 1935-இல் வந்ததையொட்டி, அந்த ஓரிரு ஆண்டுகளில் சோதித்த வெள்ளியில் மட்டும் பொறித்த வெள்ளி விழா முத்திரை அது. ஆண்டெழுத்து தேய்ந்திருந்தாலும் இந்த ஒரு முத்திரையைக் கொண்டே கோப்பையின் காலத்தைச் சொல்லிவிடலாம்.

கோப்பையை மரப் பீடத்தோடு நிறுத்தபோது 620 கிராம். பீடத்தைத் திருகி எடுத்த பிறகு 410 கிராம். அதில் தூய வெள்ளி 379 கிராம். மெழுகுவர்த்தித் தண்டுகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது: மெல்லிய வெள்ளித் தகட்டுக்குள் கீலோ சாந்தோ அடைத்துக் கனம் கூட்டியிருப்பார்கள். கையில் எடுத்தால் ஒரு கிலோ போலிருப்பதில் வெள்ளி மிகச் சிறு பங்காகவே இருக்கக்கூடும்.

இங்கிலாந்தில் செய்ததற்கு இப்படி ஒரு படிப்புமுறை இருக்கிறது. இங்கே செய்ததற்கு இல்லை. மதராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் ஹாமில்டன், கட்ச் பகுதியிலுள்ள புஜ் நகரத்தின் ஊமர்சி மாவ்ஜி போன்றோரின் பொருள்களில் செய்தவரின் பெயர் மட்டும் இருக்கும். சிங்கமும் நங்கூரமும் இரா. சிங்கம் இல்லையே என்று இவற்றை முலாம் பொருள்களோடு ஒதுக்கிவிடுவதுதான் இந்த வேலையில் நேரக்கூடிய மிகப் பெரிய நட்டம். தெய்வ உருவங்களைப் புடைப்பாக அடித்துச் செய்த மதராஸின் 'சுவாமி' வேலைப்பாட்டுக் குடுவை ஒன்று, எடைக்கான விலையைப் போலப் பல மடங்கு பெறக்கூடியது.

எடைக்குப் போடுதல்

சேகரிப்பவர்கள் இந்த வழியை இழிவாகப் பேசுவார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. பெயர் தெரியாத கரண்டிகள், நசுங்கிய கோப்பைகள், ஒற்றைக் கைப்பிடி போன கிண்ணங்கள், அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் மின்ட் போன்ற தனியார் நிறுவனங்கள் 1970-களில் சந்தா கட்டியவர்களுக்கு மாதாமாதம் அனுப்பிய ஸ்டெர்லிங் (925 தர வெள்ளி) பதக்கங்கள் ஆகியவற்றுக்கு இதுவே நேர்மையான வழி. 'வரையறுக்கப்பட்ட எண்ணிக்கை' என்று சான்றிதழில் அச்சிட்டிருந்தாலும், தேடுபவர் அதைவிடக் குறைவாக இருக்கும்போது அந்த வரையறைக்குப் பொருள் இல்லை.

ஆனால் கடைக்குப் போகும் முன் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். தூய வெள்ளி கிராமுக்கு 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஆயிரத்துக்கு 917 பங்கு தரமுள்ள பழைய ரூபாயில் 10.69 கிராம் தூய வெள்ளி இருப்பதால் அதன் உலோக மதிப்பு 1,069 ரூபாய். போர்க்காலத்தில் வெள்ளித் தட்டுப்பாட்டால் 1940-இல் தரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு முதல் 1945 வரையிலான ரூபாயில் 5.83 கிராம்தான் வெள்ளி என்பதால் மதிப்பு 583 ரூபாயே. இரண்டும் ஒரே எடை, ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தோற்றம். துணி முடிச்சில் கலந்தே கிடக்கும். சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயங்களில் இதைவிட விந்தையான நிலை உண்டு. காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 15 கிராம் எடையும் எண்பது சதவீத வெள்ளியும் கொண்டது. அதில் 12 கிராம் வெள்ளி இருக்கிறது. சுதந்திர வெள்ளி விழாவுக்கு 1972-இல் வந்த பத்து ரூபாய் 22 கிராமுக்கு மேல் கனத்தாலும் பாதிதான் வெள்ளி என்பதால், 11 கிராமைச் சற்றே தாண்டுகிறது. கையில் கனமாக இருப்பதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு மெல்லியதை முதலில் விற்பவர், தெரியாமல் அதிக வெள்ளி உள்ளதையே விட்டுக்கொடுக்கிறார்.

கடைகளில் 'பழைய வெள்ளி' என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் ஒரே குத்துமதிப்பாகத் தரம் கட்டும் வழக்கம் இன்னும் உண்டு. கொலுசுக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது பொருந்தலாம். சிங்க முத்திரை பெற்ற கோப்பைக்குப் பொருந்தாது. எக்ஸ்-கதிரால் உலோகத்தின் தரத்தைக் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி உள்ள கடையில் தரத்தைப் பார்த்து, அதன் மேல் உருக்குக் கூலியையும் கழிவையும் பேசுவதே முறை. அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால், கனத்த முலாம் பூசிய பொருளுக்கும் உயர்ந்த எண்ணைக் காட்டிவிடும் என்பதைக் கடைக்காரரும் அறிவார். அவர் தேய்ந்த ஓரத்தையோ கீழ்ப்பக்கத்தையோ வைத்துப் பார்க்கக் கேட்டால் அதில் தவறில்லை. நம் நாட்டில் வெள்ளிக்கான ஹால்மார்க் இன்னும் கட்டாயமாக்கப்படவில்லை என்பதால், உள்ளூரில் வாங்கிய நினைவுத் தட்டுகளில் முத்திரை இல்லாததை மட்டும் வைத்துத் தரம் குறைவென்று சொல்லவும் முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரசு வெளியிட்ட நாணயங்களை உருக்குவதை 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடுக்கிறது. காந்தி நாணயத்தையோ 1972-ஆம் ஆண்டு நாணயத்தையோ கட்டி வெள்ளியாகக் கருதிப் போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, நாணயமாகவே நாணய வணிகரிடம் விற்பதே சரி. விலையும் பெரும்பாலும் உலோக மதிப்புக்குக் குறையாது.

நாணய வணிகர்

இந்த வழியில் விலையைத் தீர்மானிப்பவை இரண்டு: எந்த நாணயம் என்பதும், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும். முதலாவதில் நம்முடைய ஏமாற்றங்கள் அதிகம். 1918 முதல் 1920 வரையிலான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். போர்க்காலத்தில் இந்தியாவில் வெள்ளி நாணயத்துக்கு நெருக்கடி வந்தபோது, பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்கா 25 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கி விற்றது. அந்த வெள்ளிதான் இங்கே ரூபாயாக அடிக்கப்பட்டது. அவ்வளவு பெருவாரியாக வந்தது அரிதாக இருக்க வழியில்லை. அதே அரசரின் 1911-ஆம் ஆண்டு ரூபாயின் கதை வேறு. அரசரின் மார்பில் தொங்கும் யானைப் பதக்கத்தில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அதைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு துதிக்கையைத் திருத்தி வெளியிட்டார்கள். இதற்குக் கூடுதல் விலை உண்டு. ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு ரூபாய் இவற்றைவிடப் பன்மடங்கு அரிது; அதனாலேயே போலிகளும் எண் மாற்றியவைகளும் அதில் மிகுதி.

இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று போட்ட காசுகளை விலை மதிப்பில்லாதவை என்று காட்டுபவர்கள் உண்டு. கம்பெனி அப்படி ஒரு நாணயத்தையும் அடித்ததில்லை. அவை பிற்காலத்தில் பூசைக்கும் ஏமாற்றுக்குமாகச் செய்தவை. அரிசியை இழுக்கும் அதிசயப் பாத்திரம் என்று ஏமாற்றி விற்கும் ரைஸ் புல்லிங் கலசத்துக்குப் பணம் கட்டி இழந்தவர்கள் உள்ள தமிழ்நாட்டில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய நாணயத்துக்கு ரிசர்வ் வங்கி லட்சக்கணக்கில் தரும், முன்பணம் கட்டுங்கள் என்று தொலைபேசியில் வருவதும் இதே வகைதான். தனக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று அந்த வங்கியே 2021-இல் அறிவித்திருக்கிறது.

நிலை என்பதில் நம் வீட்டுப் பழக்கமே நமக்கு எதிரி. விபூதியும் புளியும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவது போல, விற்கப்போகும் முன்தினம் நாணயங்களையும் பளபளவென்று துலக்கிக் கொண்டுபோவார்கள். விபூதியின் நுண்துகள் வெள்ளியின்மேல் மயிரிழைக் கோடுகளை இழுத்துவிடும்; உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்ததும் வணிகர் விலையைக் குறைப்பார், குறைப்பதும் நியாயமே. எழுபது எண்பது ஆண்டுகளில் இயல்பாகப் படிந்த சாம்பலும் நீலமுமான படலம், நாணயம் தொடப்படாமல் இருந்ததற்குச் சாட்சி. அச்சிட்ட பளபளப்பு மாறாத நாணயத்துக்கும் புழங்கித் தேய்ந்ததற்கும் இடையே, அதே ஆண்டு நாணயத்திலேயே, விலை பல மடங்கு வேறுபடும். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் 70 வரையிலான அளவுகோலில் எண் கொடுத்துக் ஒளிபுகும் பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருவது இதற்காகத்தான். சாதாரண ரூபாய்க்கு அந்தக் கட்டணம் நாணயத்தின் விலையையே விழுங்கிவிடும். 1939 போன்ற அரியதற்கு மட்டும் அது தகும்.

மலைவாழ் குடும்பங்களில் ரூபாயைக் கோத்து அணிவதற்காக வளையம் பற்றவைத்திருப்பார்கள். வளையம் வைத்த நாணயம், சேகரிப்பவர் கண்ணில் பழுதுபட்டதே. வளையத்தை எடுத்தாலும் தழும்பு போகாது. அவற்றை நாணயமாக விற்க முயல்வதைவிட, மாலையாகவே மதிப்பிட்டு மாலையாகவே வைத்துக்கொள்வது மேல்.

ஏலம்

ஏலத்துக்கு அனுப்பத் தகுந்தவை ஒரு பெட்டியில் இரண்டோ மூன்றோ இருந்தால் அதிகம். சுவாமி வேலைப்பாடு, ஊமர்சி மாவ்ஜியின் கட்ச் வேலைப்பாடு, 1939 ரூபாய், பெயர் பொறித்த பதக்கம் ஆகியவற்றைத் தவிர மற்றவற்றை ஏலத்தில் விட்டால், விற்பவரிடம் பிடிக்கும் கழிவும் அனுப்பும் செலவும் போகக் கையில் மிஞ்சுவது ராஜ வீதித் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். பட்டியல் அச்சாகி, ஏலம் நடந்து, பணம் வந்து சேர மாதங்கள் பிடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பதக்கங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினால், பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சுற்றிவரப் பொறித்திருப்பது தெரியும். விலையைத் தீர்மானிப்பது அந்த ஒற்றை வரியே. பெயரை அராவி எடுத்துவிட்ட பதக்கம் வெறும் வெள்ளி. பெயரோடு, கூட வந்த கடிதமும் சம்பளப் புத்தகமும் இருந்தால், படைப்பிரிவின் வரலாற்றைத் தேடுபவர் அதற்குத் தனி விலை தருவார். இதில் ஒரு தலைகீழ் உண்டு: அந்தப் பதக்கம் வெள்ளியில் லட்சக்கணக்கில் தரப்பட்டது, போர்க்களத்தில் சுமை தூக்கவும் சாலை போடவும் போன தொழிலாளர் படையினருக்குச் சிறு எண்ணிக்கையில் வெண்கலத்தில் தரப்பட்டது. வெள்ளி இல்லையென்று ஒதுக்கிய வெண்கலம்தான் சந்தையில் அதிக விலை பெறும். 1911-ஆம் ஆண்டு டெல்லி தர்பார் பதக்கம் வெள்ளி. ஆனால் அதைப் பெயரில்லாமலே கொடுத்தார்கள் என்பதால், யாருடையது என்று காட்டும் தாள் இல்லாவிட்டால் அதன் விலை ஓர் எல்லைக்குமேல் போகாது.

முடிசூட்டு விழாப் பொருள்களில் எட்டாம் எட்வர்டின் பெயருள்ளவற்றைப் பொக்கிஷமாக நினைப்பவர்கள் பலர். முடிசூடாமலே 1936 டிசம்பரில் பதவி துறந்த அரசர் என்பதால் அவர் பெயரில் பொருள்கள் சிலவே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1937 மே 12-க்கு நாள் குறித்து, அதற்கு வெகுமுன்பே கரண்டியும் கோப்பையும் பெருமளவில் செய்து முடித்துவிட்டார்கள் என்பதுதான் நடந்தது. அதே நாளில் ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார். முந்தையவை விற்காமலும் போய்விடவில்லை.

வெளிநாட்டிலிருந்து நல்ல விலை சொல்லி, தபாலில் அனுப்பச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். நூறாண்டு கடந்த நாணயமும் கலைப்பொருளும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகும். தனியாள் அதை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. இந்த எல்லை ஆண்டுதோறும் ஓராண்டு நகர்ந்துகொண்டே வருவதால், தாத்தா காலத்தில் சாதாரணமாக இருந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் பெரும்பகுதி இன்று அதற்குள் வந்துவிட்டது. உள்நாட்டு ஏலமே அவற்றுக்கு வழி.

வைத்துக்கொள்ளுதல்

வைத்துக்கொள்வதற்குச் செலவில்லை என்று நினைப்பவர் நீலகிரியின் ஜூலை மாதத்தை மறந்தவராக இருக்க வேண்டும். வெள்ளியைக் கறுக்கச் செய்வது காற்றிலுள்ள கந்தகம். ஈரம் அதை விரைவுபடுத்தும். கம்பளித் துணி, ரப்பர் வளையம், செய்தித்தாள் ஆகிய மூன்றும் கந்தகத்தை விடுபவை. நம் வீடுகளில் வெள்ளியைச் சுற்றிவைப்பதும் இவற்றில்தான். பாதி செம்பும் நிக்கலும் கலந்த அரசு நாணயங்களை மலிவான பி.வி.சி. உறையில் போட்டுவைத்தால், சில மழைக்காலங்களில் பச்சையாகப் பிசுபிசுத்துவிடும். மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையும் போதும். கணப்பு எரியும் அறையில் மட்டும் வைக்கக் கூடாது. பழைய ஒட்டுநாடாவின் பிசினை எடுக்க நம் ஊர் யூகலிப்டஸ் தைலம் உதவும். கறுப்பை எடுக்க உதவாது.

அரசின் புதிய நினைவு நாணயங்களைச் சேமிப்பாக வாங்குவது பற்றி என் கருத்து அவ்வளவு சாதகமானதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய் நாணயத்தில் எண்பது சதவீதம் வெள்ளி இருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர்., 2024 ஆகஸ்டில் வெளியான கருணாநிதி நூறு ரூபாய் போன்றவை பாதி வெள்ளிக் கலவை: 35 கிராமில் 17.5 கிராம். நாணயச் சாலை நிர்ணயிக்கும் விலை இந்த உலோகத்தைவிட உயரத்தில் தொடங்குவதால், வெள்ளி விலை ஏறினாலும் வாங்கிய விலையை எட்ட நாளாகலாம். அந்தத் தலைவர்மேலோ கலைஞர்மேலோ உள்ள பற்றினால் வாங்குபவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. வெள்ளிக்காகவே வாங்குபவருக்கு 999 தரக் கட்டி போதும். ஏற்கெனவே பெட்டியில் இருக்கும் பழைய உறைகளை மட்டும் பிரிக்காமல் வைத்திருங்கள். உறையும் சான்றும் போனால் கூடுதல் விலையும் போய்விடும்.

இனி, அந்தக் குன்னூர்க் கோப்பைக்கு வருகிறேன். அதன் வயிற்றில் மலர்க் கண்காட்சிப் பரிசு என்று பொறித்து, கீழே ஆண்டு வாரியாகப் பெயர்கள் இருந்தன. 1947 வரை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள், அதற்குப் பிறகு படகர் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும். ஏலத்தில் இந்தப் பெயர்களுக்கு விலை கிடையாது. சேகரிப்பவர் இவற்றைக் குறையாகவே பார்ப்பார். ஆனால் உதகையில் 1896 முதல் நடந்துவரும் மலர்க் கண்காட்சியின் பின்னணி தெரிந்த மலைக்காரருக்கு, ஹட்டி என்னும் படகர் ஊரிலிருந்து வந்து டேலியாவுக்குப் பரிசு வாங்கிய ஒருவரின் பெயர் வெள்ளியில் இருப்பது பெரிய விஷயம். இவ்வகைக் கோப்பைகளில் சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. பல ஆண்டுப் பெயர்கள் பொறித்தது சுழற்கோப்பை. அதை வென்றவர் ஓராண்டு வைத்திருந்து திருப்பித் தர வேண்டியவர். கடைசியாக வென்றவரின் பேரன் அதற்கு உரிமையாளர் ஆகமாட்டார். சங்கம் இன்றும் இயங்கினால் அதனிடம் கேட்டுவிட்டே மற்றதைப் பேச வேண்டும். சங்கம் கலைந்துவிட்டது என்றால், 379 கிராம் வெள்ளிக்காக அதை உருக்குவதைவிட, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் உள்ள சல்லிவன் நினைவகம் போன்ற இடத்தில் கேட்டுப் பார்ப்பது தகும். ஒரே ஒருவர் பெயர் பொறித்துச் சொந்தமாகக் கொடுத்த கோப்பைக்கு இந்தத் தடை கிடையாது.

பங்கு பிரிக்கும் வீடுகளில் இந்த வேறுபாடுகள் சண்டையாக மாறும் என்பதால், பிரிக்கும் முறையை முன்கூட்டியே பேசிக்கொள்வது உதவும். எல்லாப் பொருளுக்கும் அன்றைய உலோக மதிப்பை அடிவிலையாக எழுதி, ஏலத்துக்குத் தகுதியான இரண்டு மூன்றை மட்டும் வெளியார் ஒருவரிடம் விலை கேட்டு அதன்பேரில் குறித்துக்கொண்டு, யாருக்கு எது வேண்டுமோ அவர் அந்த விலையில் தம் பங்கிலிருந்து கழித்து எடுத்துக்கொள்ளலாம். முலாம் பூசிய தேநீர்க் குடுவைக்கு அடிவிலையே கிடையாது என்பதால், அதற்கு விலை குறிக்காமல் விரும்புபவருக்குக் கொடுத்துவிடலாம்.